செல்வி பிழைத்ததில் என் பங்கு

முடிச்சூரில் வயலாகக் கிடந்த இடத்தில் முதல் மாடி வீடு நான் கட்டியது. ஊரப்பாக்கத்தில் கல்யாண மண்டபம், பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல், எல்லாம் நம்ம கைதான். படிப்பு மூணாங்கிளாஸ். பிளானில் இருக்கிற இங்கிலீஷ் புரியாது, கோடு புரியும்.

நேற்று பேரன் முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தான். மருமகள் டெட்டால் ஊற்றினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

செல்வி என்னிடம் சித்தாள். ரெண்டு பிள்ளைக்காரி. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி புதிதாக வந்த சமயம். நானும் ஒன்று வாங்கி, முகப்பில் சாமி பேரைவிட என் பேரைப் பெரிசாக எழுதியிருந்தேன். ஒருநாள் மத்தியானம் செல்வி மணல் குவியலில் சாய்ந்து கிடக்கிறாள். முகம் சுண்ணாம்பு மாதிரி.

"இன்னாம்மா?" என்றேன். அவள் புருஷன் மணி குறுக்கே வந்தான்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. மூணாவது வேணாம்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ரத்தம் போய்க்கினு கீது. போனா சுத்தமாயிடும்ல."

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்போது அதே நினைப்புதான். ரத்தம் போனால் வேலை முடிந்தது. கூட இருந்த ஒரு அக்கா, "ஏரிக்கரைல ஆயா கீது, குச்சி வெச்சு எடுத்துடும். நீ போ மேஸ்திரி, இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள். அந்த ஆயாவிடம் போன ஒரு பெண் அப்புறம் வேலைக்கே வரவில்லை. உயிரோடு இருந்தால்தானே வருவாள்.

"ஏத்துடா வண்டில" என்றேன்.

"போலீஸ் கேஸ் ஆயிடும் மேஸ்திரி" என்றான் மணி.

"கேஸ் ஆச்சுன்னா நான் ஜெயிலுக்குப் போறேன். ஏத்து."

மேற்குத் தாம்பரத்தில் லேடி டாக்டர் நர்சிங் ஹோம். உள்ளே நுழைந்ததும் இதே டெட்டால் வாசனை. "புருஷன் நீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். மேஸ்திரி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும்.

டாக்டர் வெளியே வந்ததும் மணியைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரை தப்பில்லப்பா. எத்தனை மாசம், கரு எங்க இருக்குன்னு பாக்காம குடுத்ததுதான் தப்பு. பாதி உள்ளயே தங்கிடுச்சு. ட்யூப் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டேன். முன்னெல்லாம் சுரண்டி எடுப்போம், இது அதைவிட நல்லது. விட்டிருந்தா சீழ் பிடிச்சிருக்கும். குச்சி போட்டிருந்தா கருப்பையே ஓட்டையாயிருக்கும்."

"போலீஸ் கேஸா மேடம்?" என்றேன்.

"முறையா டாக்டர்கிட்ட வந்தா சட்டமே ஒத்துக்குது. வராம இருந்தாதான் கேஸ்."

அதே டாக்டரை அடுத்த வாரம் சைட்டுக்கே கூட்டி வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து பெண்களிடம் மாத்திரை, கருத்தடை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். ஆண்களை நான் டீக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒருத்தன், "மேஸ்திரி, இப்ப பிரசவமும் பாக்கறியாமே?" என்றான். "உன் வூட்லதான் ஆரம்பம்" என்றேன். என் சைட்டிலிருந்து ஒருத்தியும் அதற்குப் பிறகு ஏரிக்கரைக்குப் போகவில்லை.

இன்று அந்த ஆயா இல்லை, அவள் குச்சியும் இல்லை. மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட சித்தாள் கூட்டமும் இல்லை, கலவையை லாரியே கொண்டுவந்து கொட்டுகிறது. செல்வி இருக்கிறாள். போன மாசம் மகள் கல்யாணத்தில் அந்த டாக்டரை மேடையில் ஏற்றி, "என் உயிரைக் காப்பாத்தினவங்க" என்று மைக்கில் சொன்னாள். நான் பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருந்தேன்.

டாக்டர் செய்தது பெரிசுதான். ஆனால் அந்த ஆபரேஷன் மேஜை வரைக்கும் உன்னைக் கொண்டுபோனது யாரும்மா? ரெண்டாவது மகள் கல்யாணம் இருக்கிறது. மைக் பிடிக்கும்போது மேஸ்திரி பேரையும் சொல். டாக்டர் பேருக்கு முன்னால் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.