பயம் போகக் கட்டிய கயிறு

தேக்கா சந்தையில் பூக்கடை ஓரமாகக் கறுப்புக் கயிறுகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மல்லிகை வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மணிக்கட்டு அரித்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அரித்தது.

சின்ன வயதில் என் கையில் கயிறு இல்லாத நாளே கிடையாது. புக்கிட் பாத்தோக் வீட்டில் அப்பாவின் செருப்புச் சத்தம் லிஃப்ட் பக்கம் கேட்டாலே பாவாடை நனைந்துவிடும். கதவுக்குப் பின்னால் பிரம்பு தொங்கும், சிவப்பு பிளாஸ்டிக் கொக்கி வைத்த மளிகைக்கடைப் பிரம்பு. சோறு சிந்தினாலும் அதை எடுப்பார். அம்மா என்னை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இழுத்துப்போவாள். "பிள்ளை எதையோ பாத்து பயந்துட்டா சாமி, கயிறு கட்டி விடுங்க." எதைப் பார்த்து என்று பூசாரியும் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததைச் சொல்ல வாயில்லாமல் பேய் மேல் பழியைப் போட்டாள், பாவம். திரும்பும்போது எனக்கு ஒரு வடை வாங்கித் தருவாள்.

இப்போது நானே சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடியறைக்குத் தியானம் பழகப் போகிறேன். "உள்ள இருக்கிற குழந்தையக் கூப்பிடுங்க, கட்டிப் பிடிச்சுக்குங்க" என்பார் சொல்லித்தரும் டீச்சர். எல்லோரும் அழுவார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்ப்பேன். என் குழந்தை கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறாள். "அப்பாவ மன்னிச்சிடுங்க லா, அப்பதான் ஃப்ரீ ஆவீங்க" என்றாள் பக்கத்துப் பாயில் இருந்தவள். அதற்குத்தானே படாத பாடு படுகிறேன். அப்பாவின் இருதயம் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தடவையாவது நடுங்காமல் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

பூவை எடுத்துக்கொண்டு ஆங் மோ கியோவில் இருக்கும் அப்பாவிடம் போனேன். அம்மா இறந்த பிறகு அவர்தான் சாமிக்கு விளக்கேற்றுகிறார். திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசக் கையைத் தூக்கினார். நான் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். தலை நரைத்த பொம்பளை!

"என்னம்மா, தலை சுத்துதா?"

"அந்தப் பிரம்பு ஞாபகமிருக்காப்பா?"

"எந்தப் பிரம்பு? உன்னை நான் ஒரு அடி அடிச்சதில்லையேம்மா."

பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. என்னை அடித்த மனிதரும் எங்கோ போய்விட்டார், இந்தக் கிழவருக்கு அவரைத் தெரியவே தெரியாது. அப்புறம் நான் யாரை மன்னிப்பது, சொல்லுங்கள்?