ஒப்பாரிச் சந்தில் பெண் எடுத்தவர்

எங்கள் சந்துக்குப் பெயர் ஒப்பாரிச் சந்து. மூலைச் சுவரில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அடித்த நீலத் தகடு ஒன்று உண்டு. அதில் ஏதோ ஒரு துரை பேர். அந்தத் துரை யாரென்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது. ரிக்‌ஷாக்காரரிடம் ஒப்பாரிச் சந்து என்றால்தான் வண்டி நகரும்.

பெயர் வந்த காரணத்தை ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி என்பார்கள். சுத்தப் புளுகு! சுடுகாடு இருப்பது நேர் எதிர்த்திசையில். விஷயம் இதுதான்: எங்கள் சந்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரிகள். யார் வீட்டில் துக்கம் என்றாலும் கூப்பிடாமலே போவார்கள். கருக்களாச்சேரிக் குப்பத்தில் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை என்றால் அங்கேயும் போய் உட்கார்ந்து அழுவார்கள். ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் என்னைப் பெண் பார்க்கத் தலத்தெருவிலிருந்து வந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, கடல் கடந்த சண்டையில் சைகோனில் இறந்தவர். அம்மாதான் பென்ஷனை வைத்து மகனை ஆளாக்கியவர். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல என்ன வெட்கம், பிடித்தது.

எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் அந்த அம்மா, "மத்ததெல்லாம் சரிங்க. ஒப்பாரிச் சந்துல பொண்ணு எடுத்தோம்னு எப்படிங்க வெளியில சொல்றது?" என்றார்.

என் அப்பா அவசர அவசரமாக, "பத்திரிகையில தகட்டுப் பேரையே போட்டுடலாங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தத் துரையா வந்து ஊராரோட உட்கார்ந்து அழுதாருப்பா?" என்று கேட்டுவிட்டேன். போச்சுடா, என் கல்யாணம் என் வாயாலேயே கெட்டது என்று நினைத்தேன்.

அப்போது என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "சைகோன்லேர்ந்து சேதி வந்த அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தவங்கள்ல நானும் ஒருத்திங்க. எனக்கு அப்பதான் கல்யாணமான புதுசு. தம்பி உங்க மடியில கைக்குழந்தை" என்றாள்.

அந்த அம்மா என் அம்மா பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "பொணமே வரலை, எதுக்கு அழுவுறேன்னு வீட்டு ஆம்பளைங்க என்னை அதட்டி உட்கார வெச்சிருந்தாங்க. நீங்கல்லாம் வந்து ஆரம்பிச்ச பிறகுதான் என்னால அழ முடிஞ்சுது. யாரு எவருன்னுகூட நான் கேட்டுக்கலையே" என்றார்.

புறப்படும்போது என் கன்னத்தைத் தொட்டு, "பத்திரிகையில ஒப்பாரிச் சந்துன்னே போடச் சொல்லு. நான் போறப்ப நீதான் ஒப்பாரி வைக்கணும், என்ன?" என்றார்.

எண்பதுகளில் அவர் போனபோது வைத்தேன். தலத்தெரு முழுக்கக் கேட்டது.