பஞ்சுமேல் பழி போட்ட பாஞ்சாலி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்பில் வந்த கட்டிக்கு நான் மூன்று மாதம் தையல் வேலை பார்த்தேன்.

தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவன் நான். முப்பது வருடமாகத் திரௌபதி. வேடமில்லாத நாட்களில் அதே ஜமாவில் (எங்கள் பக்கம் கூத்துக் குழுவை அப்படித்தான் சொல்வோம்) ஆர்மோனியம் வாசிப்பேன். ஜாக்கெட்டுக்குள் பஞ்சுப் பொதி வைத்து, முதுகில் நாடாவால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். போன சித்திரையில் இடது காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலியில்லை. பஞ்சு உறுத்துகிறது என்று நானே தீர்ப்பு எழுதினேன். பஞ்சை எடுத்துவிட்டு, என் மனைவி சரோஜாவின் தறியில் கழிந்த பட்டு நூலை அடைத்துத் தைத்தேன். மெத்தென்று இருந்தது. கட்டி மட்டும் அசரவில்லை.

ஆனி மாதம், வெம்பாக்கம் பக்கம் ஓர் ஊரில் ஆடிவிட்டு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினால், உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. அரிதாரம் என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். அடுத்த கூத்திலும் அதே இடத்தில் அதே பொட்டு. அரிதாரத்தை நான் முகத்தில்தான் பூசுகிறேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சரோஜாவுக்கு உறைத்தது.

"இது ரத்தங்க. எத்தினி நாளா மறைச்சிகினு இருக்கீங்க?"

"மறைக்கலடி. நாடா கொஞ்சம் டைட்டு…"

"நாடாவும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஜல்தி கெளம்புங்க."

வேலூரில் ஒரு மருத்துவமனை. மேமோகிராம் (மார்பகத்தை அழுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படம்) எடுக்கும் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. அத்தனை பேரும் பெண்கள். நர்ஸ் தலையை நீட்டி, "பன்னெண்டாம் நம்பர், வாங்கம்மா" என்றார். எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க சார். பேஷண்ட்ட மட்டும் அனுப்புங்க."

"நான்தாங்க பேஷண்ட்டு."

அவர் சரோஜாவைப் பார்த்தார். அவள் என்னைக் கைகாட்டினாள். பெஞ்சு முழுக்கத் திரும்பியது. ஊரே கூடியிருக்கும் களத்தில் பெண்ணாக நின்றபோதெல்லாம் வராத கூச்சம், அன்றைக்கு ஆணாக நின்றபோது வந்தது.

பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளை இதைப் படிக்கிறவர்களில் சிலர் அறிவீர்கள். போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தெருவில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "பொம்பள வேஷம் கட்டிக் கட்டி, பொம்பள நோவே வந்துட்ச்சி." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வேடப் பெட்டியை எடுத்து, கண்ணில் படாதபடி பரணில் போட்டேன்.

முடிவு வந்தது. புற்றுநோய். அக்குள் நெறிகட்டிக்கும் பரவியிருந்தது. மருத்துவரான அம்மையார் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகு, எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"டாக்டரம்மா, நான் வேஷம் கட்டினதாலயா இது வந்துது?"

"பஞ்சு வெச்சா கேன்சர் வருமா? அப்டின்னா தலகாணிக்கு மொதல்ல வரணுமே. ஆம்பளைக்கும் மார்ல கொஞ்சம் திசு இருக்குங்க. அபூர்வம்தான், ஆனா வரும். மூணு மாசம் முன்னாடி நீங்க வந்திருக்கலாம், அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' இன்னும் என்னோடுதான் இருக்கிறது. இதைப் படிக்கிற ஆண்கள் யாருக்காவது மார்பில் கட்டி தட்டுப்பட்டால், சட்டைப் பைமேல் பழி போடாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

ஆவணியில் இடது மார்பையும் அக்குள் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ. முடி கொட்டியதற்கு நான் அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் மூன்று டோப்பா இருந்தது. புருவத்தை மையால் வரைந்துகொண்டேன். வாந்திக்குத்தான் எந்த வேடமும் எடுபடவில்லை. அடுத்து கதிர்வீச்சு. கடைசியாக ஒரு மாத்திரை, வருடக்கணக்கில் விழுங்க வேண்டியது. பெண்மைச் சுரப்பின் வேலையைத் தடுப்பதாம். முப்பது வருடம் நான் கூலிக்கு வரவழைத்ததை அது இலவசமாகத் துரத்துகிறது. திடீர் திடீரென்று உடம்பு தீயாய்க் காந்தும்.

"எரியுதுடி சரோஜா."

"எனக்கு மூணு வருஷமா எரியுது. கேட்டீங்களா?" என்று அவள் தறியிலிருந்து தலை திருப்பாமல் சொன்னாள். மின்விசிறியை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

கைதான் பெரிய பேஜார். இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. சுவரில் விரல்களால் ஏறி ஏறிப் பழக வேண்டும். எட்டிய உயரத்தில் சரோஜா பென்சிலால் கோடு போடுவாள். சில வாரம் ஒரே கோட்டின்மேல் ஐந்து கோடு. திரௌபதியின் துகிலை உரியும் கூத்தில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கிருஷ்ணனைக் கூப்பிட்டு நிற்க வேண்டும். ஒரு கையால் கூப்பிட்டால் அவன் பேருந்தை நிறுத்தச் சொல்வதாக நினைப்பான்.

ஜமா வாத்தியார் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த வருஷம் பெட்டிய பாத்துக்கப்பா. பாஞ்சாலிக்கு வேற ஆள் பாக்கறேன்." பெட்டி என்றால் ஆர்மோனியம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று முழுக்க நான் யாரிடமும் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. சரோஜா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இப்போது மரத்துக் கிடக்கும் இடது பக்கத்தைத் தொட்டால், யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலிருக்கிறது. முன்பு என் வருடம், கூத்து ஆரம்பிக்கும் பங்குனியில் தொடங்கும். இப்போது ஒரு பரிசோதனையில் தொடங்கி அடுத்த பரிசோதனையில் முடிகிறது. மூன்று மாதம்தான் என் வருடம். அதற்குள் ஆட வேண்டியதை ஆடிவிட வேண்டும்.

வாத்தியாரிடம் சொன்ன வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ஏழுமலை வீட்டுக்கு வந்தான். செய்யாறில் கம்பெனி வேலை. ஷிப்டு இல்லாத நாளில் எங்கள் ஜமாவின் துச்சாதனன். பதினைந்து வருடமாக என் புடவையை இழுக்கிறவன். அவனிடம்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ஏழுமல, கை காதுக்கு மேல போவ மாட்டுது. நீ இழுக்கிற இழுப்புல நான் விழுந்துட்டா? சனம் சிரிச்சிட்டா? இன்னாடா பண்றது?"

அவன் தேநீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"மெதுவா இழுக்கறேன், வா."