வரிசையில் முதல் சில்லு

நாட்சுயோ சிரித்தால் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும். ஹச்சினோஹே துறைமுகத்துக் கடைக்கட்டடத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். எதிரே என் கட்லெட் கடை. இருபது வருஷமாக அவள் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணெய்ச் சட்டியை வைக்கிறேன். அதனால் நான் சொல்வதை நம்பலாம். நம்பாதவர்கள் எழுந்து போகலாம்.

கூடத்தில் சில்லு ஆடும் பெட்டி ஒன்று இருந்தது. காசு போட்டால் வட்டமாக ஒரு சில்லு விழும். அதைத் தட்டில் வைத்தால் அதிலிருக்கும் பிராணி திரையில் எழுந்து சண்டை போடும். எழுத்து எனக்கு வராது, படத்தை வைத்துத்தான் எனக்கு எல்லாம் அடையாளம். நண்டு, ஓநாய், கொம்பு வண்டு. யார் முதலில், யார் அடுத்து என்று யாரும் கத்த வேண்டியதில்லை. பெட்டியின் விளிம்பில் அவரவர் சில்லை வரிசையாக வைத்துவிட்டால் போதும். அடுத்தவர் சில்லை யாரும் தொட மாட்டார்கள். பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் மட்டும் முறை போய்விடும்.

நாட்சுயோவின் புருஷன் டோகுஜி கணவாய் மீன் பிடிக்கிற படகில் போகிறவன். ஐம்பத்தெட்டு வயது, தாடியில் நரை, கரைக்கு வந்தால் நேரே இங்கேதான். பொடிசுகளோடு வரிசையில் நிற்பான்.

"மாமா, உங்க வண்டு போன வாரமும் தோத்துப் போச்சு."

"அது உன்மேல இரக்கப்பட்டுத் தோத்துச்சுடா."

ஒருநாள் தன் வண்டுச் சில்லை விளிம்பில் முதலாவதாக வைத்தான். படகிலிருந்து போன் வந்தது. "என் முறை, யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினான். அன்று காற்று திரும்பிவிட்டது. படகின் பலகைகள் வந்தன. அவன் வரவில்லை.

சில்லு அங்கேயே இருந்தது. நாட்சுயோ அதை எடுக்கவில்லை, அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட யாரையும் விடவும் இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தலை குனிந்து, "மாமா, முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு ஆடுவார்கள். வீட்டில் அவள் தினமும் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு மூடி வைத்தாள். மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தால் போனவன் உயிரோடு இருக்கிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"சுடுசோத்துக்கு எந்த மூடிடி வேர்க்காது?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் இன்னொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் கூடத்தைத் திறக்கும்போது அந்தச் சில்லின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அவள் துடைப்பாள். மறுநாளும் இருக்கும். மூன்றாம் மாடியில், பூட்டிய கதவுக்குள்ளே.

வருஷம் திரும்பியது. டோகுஜியின் தம்பி எய்சகு வந்து நின்றான். "அண்ணி, கோயில்ல சொல்லிட்டேன். செத்தவங்களுக்குச் சாமியார் வைக்கிற புதுப் பேரை அண்ணனுக்கும் வாங்கிச் சடங்கை முடிச்சிடுவோம். இப்படியே விட்டா அவர் எங்க போவாரு?"

"அவர் முறை இன்னும் முடியல" என்றாள் நாட்சுயோ.

அந்த வாரமே புதுச் சில்லுகள் வந்தன. எல்லாம் கடல் பிராணிகள். கண்ணாடி மாதிரி நீலம், உள்ளே ஒளி. பழைய சில்லு இனி ஓடாது, பெட்டியின் முகப்பையே மாற்ற வேண்டும் என்று கம்பெனி ஆள் திருப்புளியோடு வந்தான். விளிம்பும் போய்விடும்.

"அம்மா, இதை எடுக்கட்டுமா?"

"தொட்டா கையை முறிச்சுடுவேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கட்லெட்டைப் புரட்டினேன். கடைசியில் அந்த ஒரு கை அகல விளிம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மாற்றிவிட்டுப் போனான். பிள்ளைகள் புதுச் சில்லுகளோடு படிக்கட்டு வரை நின்றார்கள். அன்று ஏனோ யாரும் முன்னால் போகவில்லை. புதுப் பெட்டியில் முதல் ஆட்டம் யாருடையது? விளிம்பில் முதலில் இருந்தவருடையதுதான்.

கோஹாரு என்ற சின்னப் பெண்தான் வாயைத் திறந்தாள். "அத்தை, கூப்பிட்டுப் பாருங்க. எல்லாருக்கும் அதானே முறை?"

நாட்சுயோ புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வீட்டில் "ஏங்க"தான். ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டாள்.

"டோகுஜி சான்."

குளிர்பெட்டியின் இரைச்சல்தான் கேட்டது.

"டோகுஜி சான்."

மூன்றாவதற்கு அவளுக்குக் குரல் எழவில்லை, உதடுதான் அசைந்தது. அதற்கே பதில் வந்தது.

"இருக்கேன்."

வரிசையின் கடைசியிலிருந்து, படிக்கட்டுப் பக்கமிருந்து, தொண்டை கட்டினாற்போல. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். கடைசியில் நின்ற பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. டீசலும் கணவாயும் கலந்த வாடை மட்டும் வந்தது.

"அத்தை, மாமா கடைசியில நிக்கிறாரு" என்றாள் கோஹாரு.

நாட்சுயோ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன? யாரு? அக்கா, உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "கேட்டுச்சுடி. அவன் குரல்தான்."

"எனக்குக் கேக்கலையே."

படிக்கட்டு வரை நடந்து போனாள். அங்கே நின்று காதைச் சாய்த்துக் கேட்டாள். பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்து சில்லை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "கோஹாரு, நீ ஆடு" என்றாள். நீலத் திருக்கை ஒன்று திரையில் எழுந்தது.

சாயங்காலம் எய்சகு வந்தான். நாட்சுயோ தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல நாள் குறிச்சிடு" என்றாள்.

அவனுக்கு நம்ப முடியவில்லை. "என்ன அண்ணி திடீர்னு? அண்ணன் குரல் கேட்டுச்சுன்னு இல்ல கீழ எல்லாரும் பேசிக்கிறாங்க?"

"கேட்டுச்சாம். ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கேட்டுச்சு, கட்லெட் கடைக்காரிக்குக் கேட்டுச்சு. பொண்டாட்டி எனக்கு மட்டும் கேக்கல." துடைக்கிற துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "அப்படீன்னா எனக்கு அவர் இல்லடா. போய்ச் சொல்லிட்டு வா."