முதலில் சொன்னவருக்கு ஓய்வு

இன்று சிட்னியின் பரமட்டாவில் மீன்கடைக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்தபோது வந்த குளிர்வாடை என்னை நேரே வட நோர்வேக்குக் கொண்டுபோய்விட்டது. வாங்க வந்த மீனை மறந்து வெறும் பையோடு வீடு திரும்பினேன். வயது போனால் இப்படித்தான்.

கலியாணமான புதிதில் நானும் மனைவியும் அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று மீன் வெட்டினோம். பக்கத்து மேசை நோர்வேக்காரர்கள் களைத்தால் "ஒர்க்கர் இக்கெ" என்பார்கள். இனி ஏலாது என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். தமிழர்கள் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டோம். எடுத்தால் விசாவைப் பறித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எவனோ கதை கட்டியிருந்தான். நாங்களும் அதை நம்பி, இடுப்பு ஒடிய நின்றோம்.

இதைக் கேட்டு எங்களோடு வேலைசெய்த நோர்வேக்காரி ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஒர்க்கெ' என்ற வினைச்சொல்லுக்குப் பழங்காலத்தில் வேலை செய்வது என்றும் பொருள் இருந்ததாம். இப்போது அதைச் செய்யும் தெம்பு மட்டும்தான் அதில் மிச்சமாம். "வேலை செய்தவர்களுக்குத்தான் அதைச் சொல்லும் உரிமை" என்றாள். எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஆனாலும் விசாப் பயம் போகவில்லை. வீட்டில் மட்டும் சொன்னோம். அதற்கொரு சட்டமும் வைத்தோம். முதலில் சொன்னவருக்கு அன்று ஓய்வு. மற்றவர் கேள்வி கேட்காமல் குசினிக்குள் போய்ச் சமைக்கவேண்டும். வேலையால் வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே நான் சொல்லிவிடுவேன்.

"சரியான கள்ளன் நீங்கள், முந்தீட்டியள்" என்றபடி அவள் அரிசி கழுவப் போவாள்.

சிட்னிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்து, நோர்வே மொழி முழுக்க மறந்துபோனது. அந்தச் சொல்லும் சட்டமும் மட்டும் எங்கள் இருவருக்குள் நின்றன.

போன குளிர்காலம், அவளுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாமா என்று டொக்டர் கேட்டார். "பிளீஸ் அம்மா, ஒருக்கா மட்டும்" என்று மகள் கெஞ்சினாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஒர்க்கர் இக்கெ" என்றாள்.

"வாட் டிட் ஷீ சே, அப்பா?"

எனக்குக் கத்தி அழவேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் முந்திவிட்டாள், கேள்வி கேட்கக்கூடாது.

"அம்மாவுக்கு இவ்வளவு மருந்தும் காணுமாம் பிள்ளை. விடுவம்" என்றேன்.

இன்று வெறும் பையை மேசையில் போட்டுவிட்டு, சப்பாத்தோடு கதிரையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சநேரம் காத்திருந்தேன். பிறகு நானே எழும்பிப்போய் அரிசி கழுவினேன்.