அண்ணன் திரும்பக் கேட்டு வாங்கிய ஆர்கிட் செடிகள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருடைய வீட்டுக்கு அவர் ஆர்கிட் செடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிறகொரு நாள் வந்து அதைத் திரும்பக் கேட்டும் இருக்கிறார். ஏன் கேட்டார் என்பதைத் தங்கை என்ற முறையில் முழுமையாகச் சொல்லிவிட நினைக்கிறேன்.

அண்ணன் பிறந்தது நெற்குப்பை என்ற ஊரில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் பழகி, சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் உழைத்து என்னைக் கரையேற்றினார். அண்ணிக்குப் புற்றுநோய் என்றதும் வேலையை விட்டு வந்துவிட்டார். வரும்போது கொண்டுவந்த ஒரு வெள்ளை ஆர்கிட்டைக் காரைக்குடி வீட்டின் பின்புறம் பச்சை வலைக்கடியில் அண்ணிதான் தொங்கவிட்டார். இரண்டே வருடத்தில் அண்ணி போய்விட்டார். செடிகள் பெருகின.

எங்கள் ஊர் வெயிலில் அதை வளர்ப்பது எளிதல்ல. கரியும் தேங்காய் மட்டையும் போட்ட தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். குருத்தில் நின்றால் இலை கறுத்து நாறும். உறவினர் போனில் கேட்கும்போதெல்லாம் அண்ணன் பொறுமையாகச் சொல்வார்: “நல்ல சதை தெரியிற மட்டும் வெட்டுங்க. வெட்டுன எடத்துல சமையலுக்குப் போடுற பட்டைத்தூளத் தடவி நாலு நாளைக்குத் தண்ணி காட்டாதீக.” மாவுப்பூச்சி என்றால் சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைக்கச் சொல்வார். விசேஷ வீடுகளுக்குச் செடியைப் பிரித்து ஒரு துண்டு கொண்டுபோவது அவருக்கு வழக்கமாயிற்று.

சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியிருந்த சமயம், வெள்ளைப் பூவில் கலங்கலான கோடுகள் விழுந்தன. இலைகளில் மஞ்சள் திட்டுகள். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வேளாண்மைக் கல்லூரி ஒன்றுக்கு இலைகளைக் கொண்டுபோனோம். வைரஸ், வெட்டும் கத்தி வழியாகப் பரவும், மருந்து கிடையாது, அழித்துவிடுங்கள் என்றார்கள். “செடிக்குச் செடி கத்தியை நெருப்பில் காட்டுவீர்களா?” என்று கேட்டார்கள். அழுகிய செடிக்குத்தான் காட்டுவார். பிரித்துக் கொடுக்கும்போது துணியால் துடைப்பதோடு சரி.

வீட்டிலிருந்த அறுபது தொட்டிச் செடிகளையும் கொளுத்தினார். அண்ணியின் செடியைத்தான் முதலில் எடுத்தார்.

“அண்ணே, அத மட்டும் ஒதுக்கி வச்சுக்கிட்டா என்ன?” என்றேன்.

“அதுலருந்துதான் எல்லாத்துக்கும் போயிருக்கு” என்றார்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீடு வீடாகப் போனார். வீங்கிய காலோடு பஸ் ஏறுவார். நான் உடன் போவேன். “என் கத்தியால வந்த நோவு. உங்க வீட்டு மத்த செடிக்கும் பரவும். குடுத்துருங்க” என்று எல்லா வீட்டிலும் சொன்னார். பதினோரு வீடுகளில் கொடுத்தார்கள்.

சிங்கம்புணரியில் சித்தப்பா மகள் மட்டும் மறுத்தாள். விபத்தில் இறந்த அவளுடைய மகள் கட்டித் தொங்கவிட்ட செடி அது.

“அண்ணே, இது எம்புள்ள வச்சது. அவளத்தான் கொண்டு போயிட்டாக. இதையுமா கேக்குறீக?”

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு, “வச்சுக்க ஆத்தா. பக்கத்துல வேற ஆர்கிட் வைக்காத. இதுக்குன்னு தனிக் கத்தி வச்சுக்க. யாருக்கும் ஒரு துண்டு குடுத்துறாத” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதார். “இனி அந்தச் செடியப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு நோவுதான தெரியும். நான் சொல்லாமயே இருந்திருக்கலாம்” என்றார்.

அடுத்த மாதமே மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் காலையில் அண்ணன் உயிர் பிரிந்தது.

டயாலிசிஸ் பிரிவில் அவரைத் தந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பஸ் இல்லாத ஊர்களுக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் செடியை எடுத்துக் கொடுத்த பதினோரு வீட்டாருக்கும், கொடுக்காமலே அண்ணனுக்குச் சோறு போட்டு அனுப்பிய சிங்கம்புணரித் தங்கைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

தேவகோட்டையில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் அண்ணனால் போக முடியவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவரே வந்து கேட்டதாக நினைத்து அந்தச் செடிகளை எரித்துவிடுங்கள்.