கல்யாணப் பத்திரிகை மீன்

மைதாப் பசை கொதிக்கும் வாசனையில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாரணியர் முகாம் போயிருந்த எனக்கு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, அட்டையில் யானையாக ஒட்டி அனுப்பியிருந்தார் அம்மா. யானையின் வயிற்றில் ‘திருவளர்ச்செல்வன்’ என்ற எழுத்து அப்படியே இருந்தது.

"யாருக்குடி கல்யாணம்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அட்டையைப் பெட்டிக்கடியில் ஒளித்தேன்.

இப்போது அதே ஊரில் முகாமிலிருக்கும் மகளுக்குத்தான் இந்தப் பசை. அவளும் கூசிப்போகக் கூடாதென்று எழுத்தில்லாத துண்டுகளாகத் தேடித் தேடி ஒரு மீன் ஒட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"அம்மா, மீன் வாலுல பொடி எழுத்துல திருவளர்ச்செல்வன்னு இருக்கு! அதையே பேரா வச்சிட்டோம். அவனுக்குப் பொண்ணு வேணுமாம், எல்லாரும் கேக்குறாங்க. சீக்கிரம் அனுப்பும்மா!"

கத்தரிக்கோலை எடுத்தேன். ‘திருநிறைச்செல்வி’யை முழுதாக வெட்டி, புது மீனின் வயிற்றில் நட்டநடுவே ஒட்டினேன்.